அத்தி இல்லை

"அந்த மரத்தை ஞாயித்துக்கிழமைக்குள்ள அப்புறப்படுத்திடுங்க மேடம்" என்று செயலாளர் சொல்லி முடிப்பதற்குள் கார் நின்றுவிட்டது.

அவர் நிறுத்தவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்தவள் நிறுத்தினாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளில் சொல்லித்தருகிறவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை அவள் அளவுக்கு யாரும் மிதித்ததில்லை என்பதால், பழக வருகிறவர்கள் அவளுக்குப் பிரேக்கக்கா என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டும் இருந்தார்கள்.

"எதுக்கு மேடம் பிரேக்கு? முன்னாடி ஒண்ணுமே இல்லையே!"

"ரோட்டுல ஒண்ணும் இல்ல சார். உங்க வாயில இருந்துதான் ஏதோ குறுக்க வந்துச்சு. திரும்பச் சொல்லுங்க."

செயலாளர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு திரும்பச் சொன்னார். அவர் குடிநீர் வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரேக்கக்கா குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் சங்கத்துக்குச் செயலாளர். கட்டடத்துக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். காருக்குள் அவர் வெறும் மாணவர். அதனால் படிக்கட்டில் பார்த்தால் அவளை "ரெண்டாம் மாடி" என்பார். காரில் ஏறியதும் "மேடம்" என்பார்.

"அத்தி, ஆல், அரசு, இந்தக் குடும்பத்து மரம் எதுவும் நம்ம கட்டடத்துல தொட்டியிலகூட இருக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்கோம். உங்களுக்கே தெரியும். போன தடவை ஒரு அத்தி வேர் குழாய்க்குள்ள பூந்து, என் குளியலறையில முழங்கால் அளவு தண்ணி. நான் கட்டில்ல உக்காந்து பல் தேய்ச்சேன் மேடம். உங்க பால்கனியில இருக்கறதும் அத்திதான்."

"அது அத்தி இல்ல."

"அப்ப என்ன மரம்?"

பிரேக்கக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். பின்னால் வந்த லாரி ஆரன் அடித்தது.

"அத்தி இல்ல. அவ்வளவுதான் தெரியும். வேரை வெட்டுனப்ப ஒரு சொட்டுப் பால் வரல. அத்தின்னா பால் வரும்."

"வத்தியிருக்கும்."

"நீங்க முதல்ல கிளட்ச்சை மிதிங்க."

கடைசியில் செயலாளர் ஒரு சலுகை கொடுத்தார். படித்தவர் யாராவது பார்த்து, இது இன்ன மரம் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தால் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். அதற்குள் பேர் வராவிட்டால் மரம் குப்பை வண்டியில் ஏறும்.

"பேர் இல்லாட்டி என்ன சார்? எனக்கே ரெண்டு வயசு வரைக்கும் பேர் வைக்கலையாம். என்னைத் தூக்கியா போட்டாங்க?"

"நீங்க குழாய்க்குள்ள வேர் விடலையே மேடம்" என்றார் செயலாளர்.

அந்த மரத்தை அவள் கடையில் வாங்கவில்லை. பயிற்சி மைதானத்தின் பின்சுவரோரம் அது தானாக முளைத்தது. ரிவர்ஸ் எடுக்கப் பழகுகிற இடம் அது. புதிதாக ரிவர்ஸ் எடுக்கிற எவரும் அந்தச் சுவரில் இடிக்காமல் நின்றதில்லை. சுவருக்கு முன்னால் மரத்தை இடிப்பார்கள். வருடக்கணக்காகப் பம்பர் பட்டுப் பட்டு, உச்சி ஒடிந்து, பக்கவாட்டில் கிளைத்து, அதுவும் ஒடிந்து, மறுபடி கிளைத்து, ஒரு சாண் உயரத்திலேயே மணிக்கட்டு பருமனுக்கு அடிமரம் வைத்துவிட்டது. பணம் கொட்டிப் போன்சாய் வளர்க்கிறவர்கள் கம்பியும் கத்தரியும் வைத்துக்கொண்டு பத்து வருடம் மல்லுக்கட்டிக் கொண்டுவருகிற வளைவெல்லாம் அதற்கு ஓசியில் வந்திருந்தது.

சுவரை இடித்துக் கட்டப்போவதாகப் பள்ளி முதலாளி சொன்னார். "அந்தச் செடியைப் பிடுங்கி எறிஞ்சிடுங்க" என்று கொத்தனாரிடமும் சொன்னார்.

"அதுல எவனும் கை வைக்கக் கூடாது" என்றாள் பிரேக்கக்கா. மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு, வீல் ஸ்பேனரையும் பழைய ஸ்க்ரூடிரைவரையும் வைத்துக்கொண்டு தானே தோண்டினாள். வேரோடு வந்த மரத்தை, கார் சக்கரத்தை மூடுகிற, ஓட்டை போட்ட பழைய வீல் கப் ஒன்றில் மண் நிரப்பி நட்டாள். வீட்டுக்குக் கொண்டுபோகிற வழியெல்லாம் இருபதைத் தாண்டாமல் ஓட்டினாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழக வருகிறவர்கள் காரில் ஏறி உட்கார்ந்து அவளைப் பார்த்துவிட்டு, "வேற சார் யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள். முதலாளி, "ஒரு மாசம் பாப்போம்" என்பார். ஒவ்வொரு மாதமும் அதையே சொன்னார். எத்தனை பேர் எத்தனை விதமாக இடித்தும் அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அந்த மரத்தை மடியில் வைத்துப் பார்த்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன்னைப் போல ஒருத்தி என்று தோன்றியது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் தூசி விழுந்துவிட்டது என்பாள்.

வீட்டுக்கு வந்த வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. மூன்று மாதம் வெறும் குச்சி. ஒரு காலை பால்கனியில் அவள் போட்ட கூச்சலில், முகம் மழித்துக்கொண்டிருந்த கணவர் கன்னத்தைக் கீறிக்கொண்டு ஓடி வந்தார். கிளை நுனியில் ஒரு துளிர். அவள் அழுதுகொண்டிருந்தாள். அன்று முதல் வந்த இலைகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பாள். கணவர் அந்தப் பக்கம் துண்டு காயப் போட வந்தால்கூட, "தள்ளி நில்லுங்க, மூச்சு படுது" என்று விரட்டுவாள். அந்த மரத்தைத்தான் ஞாயிற்றுக்கிழமை குப்பை வண்டியில் ஏற்றவேண்டுமாம்.

செயலாளர் கெடு வைத்த அன்று மாலை முதலில் கைப்பேசியைக் கேட்டார்கள். செடியைப் படம் எடுத்தால் பேர் சொல்லுகிற செயலி ஒன்றைக் கணவர் இறக்கி வைத்திருந்தார். முன்பக்கம் எடுத்தால் மிளகாய்ச் செடி என்றது. பின்பக்கம் எடுத்தால் தேயிலை என்றது. கணவரின் கை குறுக்கே வந்தபோது இஞ்சி என்றது.

"இது ஆவறதில்ல" என்றாள் பிரேக்கக்கா. "உங்க போஸ்ட் ஆபீசுக்கு எதிர்ல தாவரவியல் பூங்கா இருக்கில்ல? உள்ள ஆராய்ச்சி பண்றவங்க இருப்பாங்கல்ல?"

கணவர் தபால் நிலையத்தில் பார்சல் எடை போடுகிறவர். அவரும் இருப்பதாகத் தலையாட்டினார்.

"நாளைக்கு மத்தியானம் போய்க் கேட்டுட்டு வந்துடுங்க. எனக்குக் காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் ஆள் நிக்குது."

"மரத்தைத் தூக்கிட்டுப் பஸ்ல போகவா?"

"மரத்தையா? தோண்டி எடுத்த மரம் வேர் பிடிக்கிற வரைக்கும் ஒரு வருஷம் அசைக்கக் கூடாது. பஸ்ஸுல வச்சுக் குலுக்கினா செத்துப்போயிடும். ஒரே ஒரு இலை போதும்."

கணவர் மரத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"எந்த இலை?"

அவள் குனிந்து வெகுநேரம் தேடினாள். ஒரு இலையைத் தொட்டாள். வேண்டாம் என்று விட்டாள். இன்னொன்றைத் தொட்டாள், அது இப்போதுதான் விரிந்தது என்று தடவிக் கொடுத்தாள். கடைசியில் பின்பக்கம் அடியில் இருந்த ஒன்றைக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் வேலைக்குப் போனப்புறம் பறிச்சுக்கோங்க. என் கண்ணு முன்னாடி வேணாம்."

மறுநாள் மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது கணவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தாள். பூங்காவின் ஆராய்ச்சியாளர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார். அத்தி.

"என்னது?"

"அவர் பூதக்கண்ணாடி எல்லாம் வச்சுப் பாத்தாரு. சந்தேகமே இல்லைன்னுட்டாரு."

"சந்தேகமே இல்லையா? அந்த ஆளு எங்க படிச்சான்? எவன் அவனுக்குப் பாஸ் போட்டான்?" அவள் பால்கனிக்குப் போய் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "இந்த இலையைப் பாத்து அத்தின்னு சொல்றவன் என்னைப் பாத்தா யானைன்னு சொல்லுவான். எங்க பறிச்சீங்க? பறிச்ச இடமே தெரியல?"

"மெதுவாப் பறிச்சேன்" என்றார் கணவர்.

"உங்களுக்கு இருக்கிற பொறுமைகூடப் படிச்ச மனுஷனுக்கு இல்ல."

கணவர் தண்ணீர் குடிக்கப் போனார். பாவம், தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று அவளுக்கு இரக்கமாக இருந்தது.

தாளைக் கிழித்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் கிழிக்கவில்லை. கிழிப்பது பயந்தவர்கள் வேலை. நேராகக் கீழ்த்தளத்துக்குப் போய்ச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டி, தாளை நீட்டினாள்.

"இந்தாங்க. நீங்க கேட்ட படிச்ச ஆளு எழுதிக் கொடுத்திருக்கான். தப்பு."

செயலாளர் படித்தார். முகமெல்லாம் மலர்ந்தது. "அப்ப சரி ரெண்டாம் மாடி. ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு? நாளைக்கே குப்பை வண்டி வரும்."

"ஒரு டாக்டர் காலை எடுக்கணும்னு சொன்னா உடனே நீட்டுவீங்களா? இன்னொருத்தர்கிட்டப் போவீங்கதானே? அந்தப் பூங்காவுல இன்னொரு ஆராய்ச்சியாளர் இருப்பார்ல, அவர் பாக்கட்டும்."

செயலாளருக்கு மூட்டுவலி. காலை எடுப்பது என்றதும் கொஞ்சம் இளகிவிட்டார்.

கணவரிடம் வந்து, "நாளைக்கு இன்னொரு இலை" என்றாள். கணவர் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டாவது தாளோடு அவர் வந்தபோது படியேறும் சத்தத்திலேயே உற்சாகம் இருந்தது. "கொய்யா!" என்று வாசலில் நின்றே கத்தினார். "கொய்யாவாம்! கொய்யாவுக்குத் தடை இல்லை. முடிஞ்சுது. போய்க் கொடுத்துட்டு வந்துடு. நானே வேணும்னாலும் கொடுத்துட்டு வரேன்."

பிரேக்கக்கா தாளை வாங்கினாள். மரத்தைப் பார்த்தாள். கொய்யா மரம் அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அதில் ஏறி விழுந்து கை முறிந்திருக்கிறது.

"இது கொய்யா இல்ல."

"இருக்கட்டுமே! நமக்கு என்ன? தாள்ல கொய்யான்னு இருக்கு. மரம் நம்ம வீட்டுல இருக்கும். அது போதாதா?"

"அதெப்படிங்க? தன் பேரே தெரியாம, அடுத்தவன் பேரைச் சொல்லிக்கிட்டு என் வீட்டுல ஒளிஞ்சு இருக்கணுமா அது? எத்தனை காரு இடிச்சும் ஒளியாத மரம். அத்தின்னவனும் முட்டாள், கொய்யான்னவனும் முட்டாள். அதைப் போய் நேராச் சொல்லிட்டு வரேன்."

"சொல்லாதே! ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேளு. வாயை மூடிட்டு இருந்தாப் போதும்!"

வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னால் அவள் என்ன செய்வாள் என்பது, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கணவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

செயலாளர் இரண்டு தாள்களையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலே வந்து மரத்தைப் பார்த்தார்.

"இது கொய்யான்னா நான் விமானம் ஓட்டுறேன்" என்றார்.

"அதான் நானும் சொல்றேன்."

"அப்ப அத்தின்னு ஒத்துக்கறீங்க?"

"ரெண்டுமே இல்லைன்னு சொல்றேன். மூணாவது ஆள்கிட்டக் கேக்கலாம். அந்தப் பூங்காவுக்குத் தலைவர்னு ஒருத்தர் இருப்பார்ல? அவர் சொல்லட்டும்."

"தலைவர் என்ன சொன்னாலும் ஏத்துக்கறீங்களா?"

"ஏத்துக்கறேன்" என்றாள் பிரேக்கக்கா. உள்ளே சமையலறையில் எதுவோ கீழே விழுந்து உடைந்தது. கணவர் கையில் இருந்த டம்ளர்.

மறுநாள் காலை அவள் மரத்தைத் துடைத்துக்கொண்டே கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பாருங்க. ரெண்டு இலை பறிச்சாச்சு. கொஞ்சமாவது வாடியிருக்கா பாருங்க. பறிக்கப் பறிக்க வீம்புக்குத் துளிர்க்குது. இதைப் போய்க் குப்பையில போடணுமாம்." கணவர் மரத்தைப் பார்க்காமல் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டே, "நேரமாச்சு" என்றார்.

மூன்றாவது தாளில் தலைவரின் கையெழுத்து பெரிதாக இருந்தது. முத்திரையும் பெரிது. அரளி என்று எழுதி, அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார்: எல்லாப் பாகமும் விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்.

கணவர் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டு, "இது நான் எதிர்பாக்கல" என்றார்.

சேதி அன்று மாலையே கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. மூன்றாம் மாடியில் இருக்கும் இரட்டைப் பிள்ளைகளின் அம்மா, பிள்ளைகள் மூக்கைக் கைக்குட்டையால் மூடி, இரண்டாம் மாடியை ஓடிக் கடந்தாள். ஓடின வேகத்தில் ஒரு பிள்ளையின் செருப்பு பிரேக்கக்கா வாசலில் விழுந்துவிட்டது. அதை எடுக்கவும் யாரும் வரவில்லை. முதல் மாடிக்காரர் தன் நாயை முன்வாசல் வழியாகக் கூட்டிப்போவதை நிறுத்திக்கொண்டார். தண்ணீர்த் தொட்டியை ஒரு தடவை கழுவிவிட்டால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். மொட்டை மாடித் தொட்டிக்கும் இரண்டாம் மாடி பால்கனிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

செயலாளர் வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றார். "முதல்ல குழாய்க்கு ஆபத்துன்னு நினைச்சேன். இப்ப உயிருக்கே ஆபத்து. நீங்க வாக்குக் கொடுத்திருக்கீங்க ரெண்டாம் மாடி."

பிரேக்கக்கா பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீல் கப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். வாக்குக் கொடுத்தது உண்மை. கொடுத்த வாக்கை மீறி அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் இந்த மரத்தை எவனோ மூன்று பேர் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு மூன்று பெயர் சொல்லிக் கொன்றுவிடுவார்கள் என்றால், அதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கப் பழக்கமில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததும் கோபம் வந்தது. கோபம் வந்ததும் எழுந்து கதவைத் திறந்தாள்.

"என்னங்க, நாளைக்குச் சனிக்கிழமை. பூங்கா உண்டில்ல?"

"உண்டு. எதுக்கு?" கணவர் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இலையைக் காட்டினது போதும். மரத்தையே கொண்டுபோய் அந்த மூணு பேர் மேசை மேலயும் வைக்கப் போறேன். மூணு பேரையும் ஒரே அறையில உக்கார வச்சு, எந்தக் கண்ணால பாத்து இதை எழுதினீங்கன்னு கேக்கப் போறேன்."

"கூடாது!" என்று கணவர் கத்தினார். அவர் கத்தி அவள் கேட்டதே இல்லை. "வேர் பிடிக்கலைன்னு நீதானே சொன்னே? ஒரு வருஷம் அசைக்கக் கூடாதுன்னு சொன்னே! வழியெல்லாம் வேகத்தடை! செத்துப்போயிடும்! நான் விடமாட்டேன்!"

பிரேக்கக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த மனுஷனுக்குள் இந்த மரத்தின் மேல் இவ்வளவு பாசம் இருக்கிறது என்று இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டதே.

"அசைச்சாலும் சாகும், அசைக்காட்டியும் ஞாயித்துக்கிழமை சாகும். சண்டை போட்டுச் சாகட்டும்" என்றாள்.

இன்னும் வாசலிலேயே நின்ற செயலாளரைப் பார்த்துத் தொடர்ந்தாள். "நீங்களும் வாங்க சார். சாட்சிக்கு. மரத்தை நேர்ல பாத்தப்புறமும் அவங்க அத்தி, அரளின்னு ஏதாவது ஒண்ணைச் சொல்லட்டும், இதை என் கையாலயே குப்பை வண்டியில போடுறேன். மறுபேச்சு கிடையாது. ஆனா அவங்க எழுதினது தப்புன்னு ஆச்சுன்னா, நாளன்னைக்குக் கூட்டத்துல நீங்க எழுந்து நின்னு இந்த மரத்துக்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"மரத்துக்கிட்டயா?"

"மரத்துக்கிட்டத்தான்."

செயலாளர் யோசித்தார். "நாளைக்குக் காலையில எனக்கு கிளாஸ் இருக்கே மேடம்?"

"அதான் சொல்றேன். நீங்கதான் ஓட்டுறீங்க."

சனிக்கிழமை காலை எல் போர்டு மாட்டிய கார் கட்டடத்து வாசலில் இருந்து புறப்பட்டது. ஓட்டுநர் இருக்கையில் செயலாளர். பக்கத்தில், தன் பிரேக் மேல் காலை வைத்தபடி பிரேக்கக்கா. பின்னால் கணவர், அவர் மடியில் வீல் கப், வீல் கப்பில் மரம், மரத்தைச் சுற்றி அவரது இரண்டு கைகள். மூன்றாம் மாடி ஜன்னலில் இரண்டு கைக்குட்டை முகங்கள் தெரிந்தன.

"வேகத்தடை வருது சார். கிளட்ச். ரெண்டாவது கியர். மரம் இருக்கு பின்னாடி, ஞாபகம் இருக்கட்டும்."

"விஷ மரம் பின்னாடி இருக்கும்போது எப்படி மேடம் மறக்கும்?"

முதல் வேகத்தடையில் கார் குதித்தது. கணவர் "ஐயோ" என்றார். இரண்டாவதில் கார் அணைந்துவிட்டது. "வீட்டுக்குப் போயிடலாமா?" என்றார் கணவர்.

"பயப்படாதீங்க. கெட்டியாப் பிடிச்சுக்கோங்க."

கடைத்தெருவில் திரும்பும்போது கணவர் அடுப்பை அணைக்கவில்லை என்றார். அணைத்ததைப் பிரேக்கக்கா பார்த்திருந்தாள். பாலம் ஏறும்போது பூங்காவுக்கு இன்று விடுமுறை என்று இப்போதுதான் ஞாபகம் வந்தது என்றார். நேற்று உண்டு என்று சொன்னது அவர்தான். சிக்னலில் நின்றபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பழகாதவர் ஓட்டுகிற காரில் முதல் தடவை உட்காருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் நிறம் மாறிப்போவார்கள் என்பது அவள் தொழிலில் கண்டது. அதனால் தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றார் கணவர்.

"வாந்தின்னா ஜன்னல் பக்கம் குனிஞ்சுக்கோங்க. மரம் மேல வேணாம்."

"வாந்தி இல்ல. வந்து, அந்த இலை..."

"சைக்கிள்! சைக்கிள்! வலது பக்கம் பாருங்க சார்!" பிரேக்கக்கா மிதித்த மிதியில் எல்லாரும் முன்னால் போய்ப் பின்னால் வந்தார்கள். கணவர் மரத்தை விடவில்லை. நெற்றிதான் முன் இருக்கையில் இடித்தது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

பூங்கா வாசலுக்கு எதிரே ரிவர்ஸ் எடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. செயலாளருக்கு வேர்த்துக் கொட்டியது. "உங்களால முடியும் சார். இடதுபக்கக் கண்ணாடியைப் பாருங்க. மெதுவா. மெதுவா." கார் ஒரு இடத்திலும் இடிக்காமல் நின்றது. செயலாளர் பிரமித்துப்போய் எஞ்சினை அணைத்தார். வந்த வேலையை மறந்து, "பாத்தீங்களா மேடம்? பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்.

பிரேக்கக்கா பின்கதவைத் திறந்து மரத்தை வாங்கிக்கொண்டாள். ஒரு இலை உதிரவில்லை. மண் ஒரு சிட்டிகை சிந்தியிருந்தது. வீல் கப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். உள்ளே அந்த மூன்று பேரும் இருப்பார்கள். அவர்கள் என்ன சொல்லுவார்களோ தெரியாது. வாய் தவறி ஒருவன் அத்தி என்று சொன்னாலும் போதும், இந்த மரத்தை அவள் தன் கையாலேயே குப்பையில் போடவேண்டும். பயத்தை யாருக்கும் காட்டிக்கொள்ளாமல், தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, வாசலை நோக்கி நடந்தாள்.

"உள்ள போய் முதல்ல யாரைப் பாக்கணும்?" என்று செயலாளர் கேட்டார்.

"தலைவரைத்தான். பெரிய முத்திரை வச்சவர் முதல்ல பதில் சொல்லட்டும்" என்றாள்.

கணவர் இருவருக்கும் பின்னால், செயலாளரின் முதுகுக்குள் முகத்தை மறைத்துக்கொள்ள முடியுமா என்று பார்ப்பவர் மாதிரி நடந்து வந்தார்.

டிக்கெட் கொடுக்கும் பெண் கம்பிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். பிரேக்கக்காவைத் தாண்டி, மரத்தைத் தாண்டி, செயலாளரையும் தாண்டி, அவள் பார்வை கணவர் மேல் விழுந்தது. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க சார்! எங்க வேலியோரத்து அத்தி ஆச்சு, கொய்யா ஆச்சு, அரளியும் ஆச்சு. இன்னைக்கு எந்த மரத்து இலையைப் பறிச்சுட்டுப் போய் உள்ள பேர் கேக்கப் போறீங்க?"